ஏப்ரல் மாதப் பிழைக்குத் தம் பெயரைத் தந்தவருக்கு

அறுபத்தெட்டுப் படிகளையும் அன்றாடம் ஏறிவந்து அலுப்பின்றி அமர்ந்தவரே! மின்சாரம் நின்றாலும் பென்சில் நிற்காதவரே! யாங்கோன் நகரப் பசுந்தாங்கின் இந்த நான்காம் மாடியில், எங்கள் கணக்கு அலுவலகத்தின் சன்னலோர மேசையை இருபத்தொன்பது ஆண்டுகள் ஆண்டவரே! ஊ தனசேகரன் அவர்களே! உங்களோடு வேலை பார்த்து, உங்களை 'ஊ' என்று பர்மிய மரியாதையோடு அழைத்த நாங்கள் அனைவரும் எழுந்து நின்று வணங்குகிறோம்.

உங்கள் உழைப்பைப் புகழுமுன், அது என்ன உழைப்பு என்று இங்கே வந்திருக்கும் உங்கள் குடும்பத்தாருக்குச் சொல்லிவிட வேண்டும். உங்கள் சம்பந்தி செல்லக்கண்ணு அவர்கள், முதன்முதலில் மாப்பிள்ளை வீடு பார்க்க வந்த அன்று, தரகரை ஓரமாக இழுத்துப்போய், "ஏங்க, மாப்ளயோட அப்பா துப்பாக்கி யாவாரமாமே, போலீஸ் கீலீஸ் வராதே?" என்று கேட்டது இந்த மாடி முழுவதும் தெரியும்.

துப்பாக்கி வியாபாரம் இல்லை, ஐயா. சிங்கப்பூரில் உள்ள ஒரு நிறுவனம், அமெரிக்காவில் துப்பாக்கி செய்யும் சிறு பட்டறைக்காரர்களின் தாள்களை எங்களுக்கு அனுப்புகிறது. நாங்கள் வரிப் படிவங்களை நிரப்பித் திருப்பி அனுப்புகிறோம். அந்த நாட்டில் துப்பாக்கிக்குக் கலால் வரி உண்டு. கைத்துப்பாக்கி என்றால் விற்ற விலையில் நூற்றுக்குப் பத்து. வேட்டைத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் நூற்றுக்குப் பதினொன்று. அதைக் கடைக்காரர் கட்டுவதில்லை. செய்தவரோ, வெளிநாட்டிலிருந்து இறக்கியவரோ, முதல் விற்பனையிலேயே கட்ட வேண்டும். ராணுவம் வாங்கினால் வரி இல்லை. உரிய சான்றோடு ஏற்றுமதியானால் வரி இல்லை. வசூலாகும் தொகை காட்டு விலங்குகளைப் பேணச் செல்கிறது. "மானைச் சுடறவன் மானுக்கே மொய் வைக்கிறான்" என்று நீங்கள் தேநீர் வேளையில் சொன்னபோது, எங்களில் சிலருக்கு அன்று பிற்பகல் முழுவதும் கணக்குத்தாளில் பனிக்காடு தெரிந்தது. துப்பாக்கியைத் தொட்டுப் பார்த்தவர் எங்களில் ஒருவரும் இல்லை. ஆனால் அதன் குழல் எங்கே முடிகிறது, எப்போது அது முழுத் துப்பாக்கி ஆகிறது, எந்த நாளில் அதற்கு வரி பிறக்கிறது என்பதெல்லாம் உங்களால் எங்களுக்குத் தெரியும்.

இன்னொரு விதியும் உண்டு. ஓர் ஆண்டில் ஐம்பதுக்குக் குறைவாகச் செய்கிற பட்டறைக்காரருக்கு அந்த வரியே கிடையாது. ஐம்பதைத் தொட்டுவிட்டாலோ, ஐம்பதாவதற்கு மட்டுமில்லை, அந்த ஆண்டின் முதல் துப்பாக்கியிலிருந்தே வரி. எத்தனை விற்றார் என்பது பேச்சில்லை. எத்தனை செய்தார் என்பதே பேச்சு.

இருபத்தொன்பது ஆண்டுகளின் நற்செயல்களை வரிசையாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தோம். எழுதிப் பார்த்தால், எல்லா அலுவலகத்திலும் எல்லாருக்கும் எழுதுவது போலவே இருந்தது. ஆகவே, கடந்த மே மாதத்தில் நடந்த ஒன்றை மட்டும் எழுதுகிறோம். இதை எழுத உங்களிடம் அனுமதி கேட்டோம். "நடந்ததுதானே" என்றீர்கள்.

நாங்கள் 'மலைக்காரர்' என்று அழைக்கும் வாடிக்கையாளர் ஒருவர் இருக்கிறார். தனி ஆள், மலையடிவாரத்தில் பட்டறை வைத்து வேட்டைத் துப்பாக்கி செய்பவர். எப்போதும் ஐம்பதுக்குள் நிற்பவர். அவருடைய தாள்களை ஜனவரியில் நீங்கள், நம்மோடு வேலை பார்க்கும் சாயிமாவிடம் ஒப்படைத்தீர்கள். மே மாதம் அவர் சிங்கப்பூருக்கு எழுதிய கடிதத்தில் ஒரு வரி இருந்தது: போன வருடம்தான் தன் வாழ்நாளிலேயே நல்ல வருடம், ஐம்பத்து மூன்று துப்பாக்கி செய்ததாக. பெருமைக்கு எழுதியது. சிங்கப்பூரிலிருந்து அன்றே எங்களுக்குக் கடிதம் பறந்து வந்தது. வரி இல்லை என்று யார் எண்ணிச் சொன்னது? வியாழக்கிழமைக்குள் பெயர் வர வேண்டும். அந்த ஆள் இனி எங்கள் தாள்களைத் தொடக் கூடாது.

தாளில் 'தயாரித்தவர்' என்ற இடத்தில் சாயிமாவின் பெயர் இருந்தது.

சாயிமாவின் வேலை முழுவதும் சிங்கப்பூர்த் தாள்கள்தான். அவற்றைத் தொடக் கூடாதென்றால் அவருக்கு இந்த மாடியில் நாற்காலி இல்லை. போட்டாதாங்கில் கணவருடைய கடை மூடி எட்டு மாதம் ஆகியிருந்தது. வீட்டில் சம்பளம் வாங்குபவர் அவர் ஒருவரே. நீங்களோ அந்த வாரம் த்வாண்டேயில், மைத்துனர் வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் இருந்தீர்கள்.

சாயிமா கணினியில் தாளைத் திறந்து முதல் துப்பாக்கியிலிருந்து எண்ணினார். எண்ணிக்கையில் பிழை இல்லை. ஒரு பக்கத்தில் நாற்பத்தாறு, அடுத்த பக்கத்தில் நாற்பத்தேழு. மூன்றாம் முறை எண்ணும்போதுதான் பக்கத்தின் தலைப்பு கண்ணில் பட்டது. ஏப்ரல் முதல் மார்ச் வரை. நம் ஊர்க் கணக்கு ஆண்டு! அந்த நாட்டு விதி கேட்பதோ ஜனவரி முதல் டிசம்பர் வரை. முதல் பக்கத்தின் கடைசி மூன்று மாதத்தில் பதினாறு, அடுத்த பக்கத்தின் முதல் ஒன்பது மாதத்தில் முப்பத்தேழு. கூட்டினால் ஐம்பத்து மூன்று. ஏப்ரல் என்ற சுவர் நடுவில் நின்று, இரண்டு பக்கமும் ஐம்பதுக்குள் இருப்பதாகக் காட்டியிருந்தது.

தலைப்பை அடித்தவர் நீங்கள். இடையில் அரசாங்கம் கணக்கு ஆண்டின் தொடக்கத்தை அக்டோபருக்கு மாற்றியபோது ஒரு மாதம் முணுமுணுத்தவரும், ஏப்ரல் திரும்பியதும் அலுவலகத்துக்கே காலைப் பலகாரமாக மொஹிங்கா வாங்கித் தந்தவரும் நீங்கள்தானே! ஆண்டு என்றால் உங்கள் விரல் தானாக ஏப்ரலைத்தான் அடிக்கும்.

சாயிமாவுக்கு அது தெரிந்துவிட்டது. அதே சமயம், தானும் தலைப்பைப் பார்க்காமல் ஐந்து மாதம் அந்தத் தாளில் எழுதியிருக்கிறோம் என்பதும் தெரிந்தது. உங்களுக்கு ஓய்வு பெற ஏழு மாதம் மீதம். தலைமைச் சரிபார்ப்பாளர் என்ற பெயரோடு போக வேண்டியவர். சொன்னால், அவர் 'ஊலே', மாமா, என்று அழைக்கும் உங்கள் பெயர் போகும். சொல்லாவிட்டால் தன் வேலை போகும். செவ்வாய்க்கிழமை முழுவதும் அவர் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கவில்லை.

புதன் மதியம் எங்கள் முதலாளி பர்கத்துல்லா அவர்கள் சாயிமாவின் மேசைக்கு வந்தார்.

"என்னம்மா, பதில் அடிச்சியா?"

"அடிக்கிறேன் சயா."

"உன்ன மாட்டிவிட எனக்கு மட்டும் ஆசையா? அதுல ஒரே ஒரு பேருதான் இருக்கு. உன் பேரு."

"ஹௌக்கே, ஆமா சயா. என் பேருதான்."

அப்போதுதான் படியேறி வந்து மூச்சு வாங்க நின்றீர்கள். கையில் த்வாண்டே மண்சட்டி ஒன்று. யாருடைய முகமும் சரியாக இல்லை என்று கண்டு, சட்டியைக் கீழே வைத்துவிட்டு சாயிமாவின் திரையைப் பார்த்தீர்கள். தலைப்பைப் படித்தீர்கள். மின்சாரம் போனது. திரை அணைந்தது. அணைந்த திரையின் முன்னிருந்துதான் உங்கள் குரல் வந்தது.

"பாய், அந்த ஏப்ரல் என்னோடது."

"ஊலே, சும்மா இருங்க," என்றார் சாயிமா. "நானும் பாக்காம விட்டேன்."

"நீ பாக்காதது ஒரு தப்பு. நான் போட்டது ஒரு தப்பு. கேட்டிருக்கறது போட்டவன் பேரு."

பர்கத்துல்லா அவர்கள் குரலைத் தாழ்த்தினார். "தனசேகரா, ஏழு மாசம்தான். கடுதாசி வந்தன்னைக்கு நீ ஊர்லயே இல்ல. ஒருத்தனுக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியுதே பாய்."

"தெரிஞ்சு என்ன பண்ணப்போற? தொடக் கூடாதுன்னுட்டான்."

"தொடாம கூட்டல் போடறேன். இத்தன வருசம் அதத்தானே பண்ணேன், என்னமோ ராக்கெட் விட்ட மாதிரி!"

கீழே ஜெனரேட்டர் உறுமியது. "மீ வந்துருச்சு, மீ வந்துருச்சு" என்று நம் பிரேம்நாத் கத்தினார். விளக்கு எரிந்தது. சாயிமாவை எழுப்பிவிட்டு அவர் நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு விரலால் நீங்களே பதிலை அடித்தீர்கள். நான்கு வரி. பிழை இன்னது, காரணம் இன்னது, செய்தவர் இன்னார், ஐம்பத்து மூன்றுக்கும் உரிய படிவங்கள் வெள்ளிக்கிழமைக்குள் வரும். மன்னிப்பு என்ற சொல்லைக் கடைசியில் ஒரு முறை மட்டும் எழுதினீர்கள். "ரெண்டு தடவ எழுதினா நடிப்பு மாதிரி இருக்கும்" என்றீர்கள்.

நடந்ததை நடந்தபடி சொன்னால், உங்களுக்கு யாரும் மாலை போடவில்லை. சிங்கப்பூர்க்காரர்கள் தாள்களை நிரப்ப மட்டும் உங்களை விட்டு, சரிபார்ப்புக் கையெழுத்தை எடுத்துவிட்டார்கள். சாயிமா தாள்களைத் தொடலாம், தொடுவதோடு கடைசிக் கையெழுத்தும் அவரே போட வேண்டும் என்றார்கள். மலைக்காரர் வரியையும் வட்டியையும் கட்டினார். தண்டனைத் தொகையை மன்னிக்கச் சொல்லி நாங்கள் எழுதிய மனு இன்னும் நிலுவையில் இருக்கிறது. நாம் அவரை இழந்துவிடவில்லை. "எண்ணி மகிழ்ந்தேனே தவிர, வரி வருமென்று நினைக்காதவன் நானும்தான்" என்று எழுதியிருந்தார்.

மறுநாள் காலை உங்கள் மேசையிலிருந்த 'தலைமைச் சரிபார்ப்பாளர்' பலகையை நீங்களே துடைத்து, சாயிமாவின் மேசையில் வைத்தீர்கள். அவர் வேண்டாம் என்று திரும்பக் கொண்டுவந்து வைத்தார். நீங்கள் மறுபடி கொண்டுபோனீர்கள். நான்காவது தடவை பர்கத்துல்லா அவர்கள், "ஏம்ப்பா, இது என்ன ஃபெர்ரியா, அக்கரைக்கும் இக்கரைக்கும் விட்டுக்கிட்டு?" என்று சத்தம் போட்ட பிறகு அது சாயிமாவின் மேசையில் நின்றது.

அதன் பிறகு ஏழு மாதம், உங்கள் ஒவ்வொரு தாளையும் எடுத்துக்கொண்டு சாயிமாவின் மேசை முன் நின்றீர்கள். முதல் சில வாரங்கள் அவர் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். ஒரு நாள் தாளைப் பிடுங்கிக்கொண்டீர்கள். "படிக்காம போட்டா, நான் அன்னைக்கு எழுதின லெட்டருக்கு அர்த்தம் இல்ல, மா." அன்று உங்கள் முகத்தில் கோபம் இருந்தது. இருபத்தொன்பது ஆண்டில் நாங்கள் கண்ட கோபம் அது ஒன்றே.

சென்ற வியாழக்கிழமை உங்கள் கடைசித் தாள். சுலபமான தாள், ஆண்டில் ஐம்பதைக் கடந்த வேறொரு பட்டறை, பதினோரு துப்பாக்கி, ஒரு காலாண்டு. சாயிமா படித்தார். நாங்கள் எல்லாரும் வேலை பார்ப்பது போல் பார்த்துக்கொண்டிருந்தோம். படித்து முடித்து அவர் பேனாவை எடுக்கவில்லை.

"ஊலே, மரப்பெட்டிய ஏன் கழிச்சீங்க?"

"அனுப்புற செலவு கழியும்ல?"

"லாரிக் கூலி கழியும். பெட்டி கழியாது. பெட்டி துப்பாக்கியோட விலையில சேரும். மாத்திட்டு வாங்க."

ஓய்வு பெறும் மனிதரின் கடைசித் தாளைத் திருப்பி அனுப்பிவிட்டாரே என்று எங்களுக்குப் பதைத்தது. நீங்களோ தாளை வாங்கிக்கொண்டு போய், பெட்டியின் விலையை மீண்டும் சேர்த்து, வரியைத் திருத்தி, எங்களைப் போலவே வரிசையில் நின்று நீட்டினீர்கள். சாயிமா மறுபடி முதலிலிருந்து படித்தார். கையெழுத்துப் போட்டார். மூடியை மாட்டிப் பேனாவைக் கீழே வைத்த பிறகுதான் அவர் கண்ணைத் துடைத்தார்.

"யா பா டே, பரவால்ல," என்றீர்கள். "இப்ப போலாம்."

ஊ தனசேகரன் அவர்களே! 'பிழையே அறியாதவர்' என்ற வழக்கமான வரியை இந்த மடலில் தேடாதீர்கள், அது இல்லை. உங்கள் முழங்கால் வலி குறையட்டும். இரத்த அழுத்தம் அளவோடு நிற்கட்டும். உங்கள் துணைவியார் தமிழ்மணி அம்மாவோடு, காலைத் தேநீரை ஆற அமரக் குடித்து நூறாண்டு வாழுங்கள். ஐயம் வந்தால் உங்களைத் தொல்லை செய்ய மாட்டோம். இங்கே கேட்க ஆள் இருக்கிறார். உங்களைக் கூப்பிட்டால் அது டான் பௌ பிரியாணி சாப்பிடத்தான். படியேறி வந்துவிடுங்கள்.

அன்போடும் மதிப்போடும்,
சாயிமா, தலைமைச் சரிபார்ப்பாளர்
பர்கத்துல்லா, பிரேம்நாத், மற்றும் நான்காம் மாடி அலுவலர்கள் அனைவரும்
பசுந்தாங், யாங்கோன்