சிரிக்காம சொல்ற வார்த்தை

இருக்கு மேடம். எழுதிக்கோங்க. அக்கா மேல பொறாமை உண்டான்னு கேட்டீங்க, உண்டு. ஏன் பேனாவ வெச்சிட்டீங்க? கிட்னி குடுக்க வர்றவங்க எல்லாரும் இல்லவே இல்லைன்னுதான் சொல்வாங்களா? சொல்வாங்க, சொல்வாங்க.

அந்த வார்த்தையே அப்படித்தான். அடுத்தவங்களப் பத்தின்னா வாய் கூசாம வரும். அவளுக்குப் பொறாமை, இவளுக்குப் பொறாமை. புதுச் செருப்பப் பாத்துட்டு, ஐயோ எனக்குப் பொறாமையா இருக்குடின்னா அது பாராட்டு. சிரிக்காம, எனக்குப் பொறாமைன்னு சொன்னவங்க யாரையாவது பாத்திருக்கீங்களா? நானும் பாத்ததில்ல. அவகிட்ட இருக்கிறது எனக்கும் வேணும்னா அது ஆசை மேடம். எனக்கு இல்லாட்டி போகுது, அவகிட்ட இருக்கக்கூடாதுன்னா அதுதான் இது.

அப்படி என்ன இருக்கு அவகிட்டயா? கை. நாங்க ரெண்டு பேரும் ஒரே தையல் கடை. அளவெடுத்து வெட்டுறது அவ, தைக்கிறது நான். இருபது வருஷமாச்சு. முதுகு போனது எனக்கு. போட்டுப் பாக்கிறவங்க கண்ணாடி முன்னாடி நின்னு, அக்கா வெட்டுன்னா அக்கா வெட்டுதான்னு சொல்வாங்க. நான் பின்னாடியே மெஷின்ல குனிஞ்சிருப்பேன். தையல் பிரிஞ்சாத்தான் என்னைத் தேடுவாங்க.

அவளுக்கு உடம்பு முடியாம போனதும் நான் வெட்ட ஆரம்பிச்சேன். மொத சட்டையே, கையத் தூக்க முடியல, பிடிக்குதுன்னு ஒரு டீச்சர் திருப்பிக் கொண்டுவந்துட்டாங்க. தையலுக்குன்னு ஓரத்துல துணி விடணும்ல, அத விடாம கோட்டு மேலயே வெட்டித் தொலைச்சிருக்கேன். இத்தன வருஷம் அவ விட்டுக் குடுத்த துணியிலதான் தச்சிருக்கேன், அது கூட புத்தியில ஏறல. அக்கா டயாலிசிஸ் பெட்ல படுத்துக்கிட்டே போன்ல சொல்றா, கைக்கு அடியில ஒட்டுத்துணி வெச்சுத் தச்சிடு, தெரியாதுன்னு. தச்சேன். கனகச்சிதமா உக்காந்துடுச்சு. எனக்கு வயிறு எரிஞ்சுது பாருங்க! படுத்த எடத்துலயும் ஜெயிக்கிறாளே.

போன வாரம் கடைக்கு வந்தா. டயாலிசிஸ் ஊசி குத்திக் குத்தி கை வீங்கிக் கெடக்கு, கத்திரிக்கோலப் பிடிக்க முடியல. அந்த நேரம் பாத்து அதே டீச்சர் வந்தாங்க. இனிமே இவதான் வெட்டுவா, என்னைவிட நல்லா வெட்டுறான்னு அவங்ககிட்ட சொல்றா. பொய் மேடம், பச்சப் பொய். எனக்குத் தெரியாதா? இத யாராவது சொல்ல மாட்டாங்களான்னு இருபது வருஷம் ஏங்கியிருக்கேன். கேட்டா நல்லாவே இல்ல.

இல்ல, யாரும் வற்புறுத்தல. நான் இங்க வந்தது அக்கா வீட்டுக்காரருக்கே தெரியாது. ரத்தம் தாராளமா எடுங்க. பொருந்தும். எப்படித் தெரியும்னா, போன வருஷமே வேற எடத்துல பாத்தாச்சு. ரிசல்ட் வாங்க நான் மட்டும்தான் போனேன். பொருந்தலைன்னு வீட்ல சொல்லிட்டேன்.

சாகட்டும்னு நெனக்கல மேடம், சத்தியமா. அவ இல்லாத கடை எப்படியிருக்கும்னு கொஞ்ச நாள் பாக்கணும்னு இருந்துச்சு, அவ்வளவுதான்.

பொருந்தலைன்னு நான் சொன்ன அன்னிக்கு அவ அழல. நான்தான் அழுதேன். என் தலையத் தடவிக் குடுத்து, நீ என்னடி பண்ணுவ, விடுன்னு சொன்னா.