வாசலில் நின்றுபோன தோத்திரம்

உங்க சபையில யாரோ ஒரு ஆளு என் வாசல்ல கை வெச்சிட்டான், பாஸ்டரையா. இல்ல, நான் உக்கார வரல. ஃபேன் எல்லாம் வேணாம். அந்த ஆளு யாருன்னு சொல்லுங்க, அப்பறம் உக்கார்றேன்.

இன்னா எடுத்தானா? ஒரு தோத்திரம். சிரிக்காதீங்க. காலங்காத்தால என் வாசல்ல வந்து விழுந்துகினு இருந்த ஒரு தோத்திரம், போன மாசத்துலேர்ந்து வர்றதில்ல. எவனோ நிறுத்திட்டான். அந்த எவனோ இந்தக் கூரைக்குக் கீழதான் கீறான்.

நானா? கஜபதி. ரயில்வே கேட்டாண்ட பழைய கதவு ஜன்னல் கடை. ஊடு இடிக்கிற எடத்துல மரத்தை வாங்கி, ஊடு கட்றவனுக்கு விக்கிறவன். முன்னால கடை, பின்னால குடித்தனம். முகப்பேர்ல புதுசா ஊடு கட்னவன் பாதிப் பேரு என் கதவைத்தான் சாத்திகினு தூங்குறான். நீங்க சபைக்குப் புதுசு, தெரிஞ்சிருக்காது. ஈஸ்டருக்கு அப்பறம்தானே வந்தீங்க? ஆங், கேட்டு வெச்சிகினேன்.

தோத்திரம் சொல்றது யாருன்னா, உங்க ஞானம்மாதான். அம்பத்தூர் எஸ்டேட்ல, எக்ஸ்போர்ட் கம்பெனில தைக்குதே, முன்பல்லு கொஞ்சம் எடுப்பா, அந்தம்மா. காலைல ரயிலைப் புடிக்க எங்க தெருவுலதான் ஓடும். ஓடுற ஓட்டத்துலயே பூக்காரி கெங்கம்மாக்கு ஒரு தோத்திரம். எதிர்ல மெத்தை தைக்கிற சாதுல்லா பாய்க்கு ஒரு சலாம், கூடவே ஒரு தோத்திரம். எனக்கு ஒண்ணு. மொகம் கொள்ளாத சிரிப்பு வேற. ரேஷன் கடைல சக்கரை கூடுதலா போட்டாங்களா இன்னா, தெனம் இப்டி சிரிக்குதேன்னு எனக்கு ஒரே சந்தேகம்.

சந்தேகம் வராதா பின்ன? நான் இஸ்கூல் வாசப்படி மிதிக்காதவன். மரத் தொட்டியில, அதான் மரம் விக்கிற டிப்போல, லோடு எறக்கித்தான் தொழில் கத்துகினேன். அங்க படிச்ச மொதப் பாடம் இன்னா தெரியுமா? சிரிச்சிகினு வர்றவன் வெலைய அடிக்க வர்றான். வணக்கம் பெருசா இருந்தா கேக்கப்போறதும் பெருசு. அதனால காத்துகினு இருந்தேன். இந்தம்மா இன்னைக்குக் கேக்கும், நாளைக்குக் கேக்கும். சீட்டுக்கு ஆள் சேக்குமா, மதத்துக்கு ஆள் சேக்குமா, இன்னாதான் கேக்கும்? ஒண்ணும் கேக்கல. ரயில் ஊதுனா ஓடும். அவ்ளோதான்.

ஒரு நாள் வந்து ஜன்னல் வேணும்னு நின்னுச்சு. மாட்னடி மவளேன்னு நெனச்சேன். இம்மாந் தோத்திரத்துக்கும் இன்னைக்குக் கணக்குத் தீக்கப் போவுதுன்னு வெலைய ரெண்டு மடங்கா சொன்னேன். அந்தம்மா இடுப்புல கைய வெச்சிகினு சொல்லுது, அண்ணாத்தே, தோத்திரம் வேற, ஜன்னல் வேற, இந்தச் சட்டத்துல செல்லரிச்ச எடத்தை மெழுகு வெச்சி மூடிக்கீறியே, இதுக்கா இந்த வெலைன்னு. ஆடிப் போயிட்டேன்! என்னையே அடிச்சிக் கொறைச்சி, தள்ளுவண்டிக் கூலியும் என் தலைல கட்டிட்டுப் போச்சு. சரி, வேலை முடிஞ்சிது, சலாமும் முடிஞ்சிதுன்னு நெனச்சேன். எங்க தொழில்ல அப்டித்தான். மறுநாள் காலைல பார்த்தா அதே சிரிப்பு, அதே தோத்திரம், அண்ணாத்தே ஜன்னல் நல்லா காத்து வாங்குதுன்னு. எனக்கு ராத்திரி சோறு எறங்கல, பாஸ்டரையா. வாங்க வேண்டியதை வாங்கின பெறவும் ஒருத்தி ஏன் சிரிக்கணும்?

போன வருசம் என் ஊட்டுக்காரி கஸ்தூரிக்குக் கை கால் இழுத்துகிச்சு. வலப் பக்கம் பூரா போச்சு. காலைல தூக்கியாந்து கடை வாசல்ல சேர்ல உக்கார வெப்பேன். அப்ப என் சந்தேகம் ஜாஸ்தியாப் போச்சு. நோவு வந்த ஊடு, இப்பத்தான் ஜெப எண்ணெய் பாட்டிலோட வந்து தலைல கை வெப்பாங்கன்னு ஒரு தேக்கு வாசக்கால் நெலவுக்குப் பின்னால ஒளிஞ்சி நின்னு கேட்டேன். வெக்கம் இன்னா வெக்கம், எம் பொண்டாட்டி. அந்தம்மா குனிஞ்சி, தோத்திரம் கஸ்தூரிக்கா, இன்னைக்கு சாமந்திப்பூவா, ஜம்முன்னு கீறீங்கன்னு சொல்லிட்டு ஓடிச்சு. மறுநாளும் அதான். கனகாம்பரம், மல்லின்னு பூவுதான் மாறும். எண்ணெயும் இல்ல, பாட்டிலும் இல்ல.

இருங்க, வர்றேன். அவசரப்பட்டா ஆவுமா?

போன மாசம் ஒரு புதன்கிழமை. அந்தம்மா எதிர் சாரில வருது. முந்தானைய தலைல போட்டுகினு, கண்ணு தரையில. பாய்க்கு சலாம் இல்ல. கெங்கம்மாவை ஏறெடுத்துப் பாக்கல. நான்தான் வெக்கம் கெட்டுப்போய், இன்னா ஞானம்மா, ஒடம்புக்கு சொகமில்லியான்னு கத்துனேன். நடைய எட்டிப் போட்டுச்சு. நான் மெழுகுல ஒளிச்சி வெச்ச செல்லரிப்பைக் கண்டுபுடிச்ச பொம்பள, என்னைப் பார்த்து ஓடுது!

கெங்கம்மாவை உட்டுக் கேட்டேன். பூக்காரிகிட்ட எந்தப் பொம்பளையும் மறைக்க முடியாதே. சபையில சொல்லிட்டாங்களாம். விசுவாசிக்கு விசுவாசிதான் தோத்திரம் சொல்லணுமாம். ரோட்ல போற வர்ற ஆம்பளைங்ககிட்டல்லாம் பல்லைக் காட்டிகினு ஆண்டவர் பேரை எறைக்கக் கூடாதாம். உணராதவங்க அதைத் திருப்பிச் சொன்னா ஆண்டவருக்கு அவமானமாம். சொன்னது யாருன்னு கேட்டதுக்கு, அந்தம்மா வாயே தொறக்கலியாம். பெரியவங்க சொன்னா கேக்கணும்னு கண்ணைத் தொடைச்சிகிச்சாம்.

பாய்கிட்ட சொன்னேன். அவரு ஊசிய கீழ வெச்சிட்டாரு. ஒருத்தன் சலாம் சொன்னா திருப்பிச் சொல்லாம வெச்சிகினா அது எங்கள்ல பாவம் கஜபதி, இவங்கள்ல சொல்றதே தப்பாப் போச்சான்னாரு. எனக்கு அந்த வேதமும் தெரியாது, இந்த வேதமும் தெரியாது. எனக்குத் தெரிஞ்சது மரம். ஆனா பாஸ்டரையா, எங்க தெருவுல உங்க கோயிலைப் பத்தி ஒருத்தனுக்கும் ஒண்ணும் தெரியாது. தெரிஞ்சதெல்லாம் அந்தம்மா சிரிப்புதான். அதையும் மூடிட்டா இன்னா மிச்சம்?

இன்னா? நாங்க உணராம சொல்றோமா? அர்த்தம் தெரியாம பதில் சொல்றது ஆண்டவருக்குக் கனவீனமா?

தோ பாருங்க. பேச்சோட பேச்சா உண்மை வெளில வந்துச்சு. கெங்கம்மா சொன்ன மாதிரியே பேசுறீங்க. எனக்கு வந்தப்பவே தெரியும், அந்த ஆளு நீங்கதான்னு. நேரா சொன்னா வெலை படியாதுன்னு சுத்தி வந்தேன். இப்ப உக்கார்றேன்.

உணராம சொல்றதுன்னீங்களே, அதுக்குத்தான் வர்றேன். கஸ்தூரிக்கு கை காலோட வாயும் போச்சு. தண்ணின்னு சொல்லத் தெரியல. எம் பேரு தெரியல. ஆஸ்பத்திரில, இனிமே பேச்சு வர்றது கஷ்டம்னு சொல்லிட்டாங்க. அப்பறம் ஒரு நாள் காலைல அந்தம்மா தோத்திரம் கஸ்தூரிக்கான்னு சொல்லுச்சா, இது வாயைக் கோணிகினு, தொண்டைலேர்ந்து இழுத்து, தோத்திரம்னு சொல்லிச்சு. முழுசா. தேக்கு நெலவுக்குப் பின்னால நின்ன நான் அப்டியே குந்திட்டேன்.

அந்த ஒத்த வார்த்தைதான். வேற ஒண்ணும் வரல. தண்ணி வேணுமா, தோத்திரம். கொழம்புல உப்பு இல்லியா, தோத்திரம். கடையில நான் எவனையாவது ஏமாத்துனா உள்ளேர்ந்து ஒரு தோத்திரம் வரும் பாருங்க, செருப்பால அடிச்ச மாதிரி இருக்கும். மச்சான் துலுக்கானம் வந்து, எங்கக்காவை மதம் மாத்திட்டியான்னு என் சட்டையப் புடிச்சான். புடிச்சிக்கடா, உங்கக்கா பேசுதுடா நாயேன்னு சொன்னேன்.

இப்ப அதுவும் வர்றதில்ல. மொதல்ல கொறைஞ்சிது, அப்பறம் நின்னே போச்சு. நான் சொல்லிப் பார்த்தேன். மூஞ்சிய திருப்பிக்குது. பாயும் சொன்னாரு, கெங்கம்மாவும் சொல்லிச்சு. பிரயோஜனம் இல்ல. தெனம் அந்தம்மா எதிர் சாரில தலை குனிஞ்சி போவறதைப் பார்த்து, வாயைக் கோணிகினு தயாரா உக்காந்திருக்கு. யாரும் ஆரம்பிச்சுக் குடுக்க மாட்டேன்றாங்க.

நீங்க வந்து ஜெபம் பண்றீங்களா? பண்ணுங்க, வேணாங்கல, அது அப்பறம். ஞாயித்துக்கிழமை பிரசங்கத்துல சொல்றேன்ற தவணையெல்லாம் என்னாண்ட வேணாம். அந்தம்மா கம்பெனி உட்டு அஞ்சரை வண்டில எறங்கும். நீங்க பிளாட்பாரத்துல நிக்கணும். நீங்க தப்பா சொல்லிட்டீங்கன்னு உங்க வாயால அதுகிட்ட சொல்லணும். நாளைக்குக் காலைல என் வாசல்ல நின்னு, பழைய மாதிரி சிரிச்சி, பூவு பேரு சொல்லி, தோத்திரம் கஸ்தூரிக்கான்னு கூப்புடச் சொல்லணும். இதுல ஒரு நூலு கொறைக்க மாட்டேன். எழுந்திருங்க, செருப்பை மாட்டுங்க. வண்டி வந்துடும்.