ஐம்பத்திரண்டு மடிப்பு

ஆமா தம்பி, பொகை வருதுதான். இல்லேங்கல. நீலமாத்தான் வருது. எஞ்சின் ஆயில் குடிக்குது, ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா பாத்து ஊத்தணும். வாங்க வந்தவங்க கிட்ட மறைக்கற பழக்கம் எனக்கில்ல. கொஞ்சம் மெதுவா பேசுங்களேன், அவரு உள்ள படுத்திருக்காரு. நடுவுல பலகச் செவுருதான், எல்லாம் கேக்கும்.

அந்த இருமலுக்குத் திரும்பிப் பாக்காதீங்க. கொஞ்ச நேரத்துல அதுவா நிக்கும். பசியாறிட்டீங்களா? தைப்பிங்லேருந்து விடியறதுக்கு முன்னயே கெளம்பியிருப்பீங்க. இருங்க, கார் பானெட்ட நான் தெறக்கறேன், கொக்கி கொஞ்சம் மக்கர் பண்ணும், தட்டித் தூக்கணும்.

இதோ, நீங்க போன்ல கேட்டீங்களே, அந்தக் காத்து பில்டர். புதுசு. மாட்டி ஆறு மாசம் ஆகல. பழச எடுத்து வச்சிருக்கேன், அந்த பிஸ்கட் டின்னுல இருக்கு. காடியோட வந்த கம்பெனி பில்டரும் அதோட கறுப்புப் பெட்டியும் ஸ்டோர்ல இருக்கு. பேர் மாத்த இன்ஸ்பெக்‌ஷனுக்குப் போறப்ப அத மாட்டிக்கிட்டுப் போங்க, இல்லேன்னா திருப்பி அனுப்பிருவாங்க. அவரும் ஒவ்வொரு தடவையும் அப்படித்தான் செய்வாரு, களவாணி மாதிரி முந்தின நாளு உக்காந்து மாத்துவாரு.

நானா? ஆமா, நான்தான் கழுவுவேன். ஏன் சிரிக்கறீங்க? பதினோரு வருஷமா என் கைதான். பத்து வெள்ளி சட்டைக்கு மேல எடுக்க மாட்டாரு, இந்த மாதிரி மொத பில்டர மட்டும் கோலாலம்பூர் வரைக்கும் போய் வாங்கிட்டு வந்தாரு. எதுக்குங்கறீங்க, வேகத்துக்கா? ஓட்டறது என்னமோ ஆமை மாதிரி. அந்தச் சத்தத்துக்குத்தான். மிதிச்சா உள்ள காத்து இழுக்குமே, அந்தச் சத்தம். கேளு கோமளா, காடி மூச்சு விடுதுன்னு சொல்லுவாரு. ஆனா கழுவறதுக்குப் பொறுமை கெடையாது. காயறதுக்கு முன்னயே மாட்டிருவாரு. அதான் நான் புடுங்கிக்கிட்டேன்.

பெரிய வித்தையெல்லாம் இல்ல, சொல்லித்தாறேன். இந்தப் பட்டைய தளர்த்துனா கூம்பு கையோட வந்துரும். மெதுவா தட்டணும், தரையில போட்டு அடிக்கக் கூடாது. கழுவற மருந்த அடிச்சு ஒரு பத்து நிமிசம் விட்ருங்க. அப்பறம் கொழாய்த் தண்ணி, சின்னதா, உள்ளேருந்து வெளிய. வெளியேருந்து ஊத்துனீங்கன்னா அழுக்கு உள்ள போயிரும். நெழல்ல காய வைக்கணும். வெயில்ல வேணாம், முடி காய வைக்கற மெஷினும் வேணாம். டயர்க் கடையில காத்து இருக்குல்ல, அந்தக் காத்து மட்டும் படவே கூடாது. உள்ள பஞ்சுத் துணிதான் தம்பி, பிஞ்சுரும்.

காஞ்சதுக்கு அப்பறம் செகப்பு எண்ணெய். ஒவ்வொரு மடிப்புக்கும் ஒரு கோடு. மொத்தம் அம்பத்திரண்டு மடிப்பு, நான் எண்ணி எண்ணிப் போடுவேன். கூட ஊத்துனா உள்ள ஒரு சென்சார் இருக்கு, அதுல எண்ணெய் படிஞ்சு காடி திக்கும். கொறஞ்சா தூசி நிக்காது. கோலம் போடற கை இருந்தா போதும்.

என்னது? இவ்வளவு பாத்துப் பாத்து வச்சா எஞ்சின் ஏன் ஆயில் குடிக்குதா?

நல்லாத்தான் கேக்கறீங்க.

உக்காருங்க. அந்த ஸ்டூல இழுத்துப் போட்டுக்கங்க.

ஒரு வீட்டு பில்டர மாசா மாசம் கழுவுனா அந்த வீட்டு ஆம்பள எங்க போறாருன்னு தெரியும் தம்பி. அவரு தொழிற்சாலையில ஸ்டோர் பாத்தாரு, பத்தொம்பது வருஷம். அப்ப பில்டர்ல கறுப்புதான் வரும், பெரிய சடக்குல ஓடற லோரிப் பொகை. செம்பனைத் தோட்டத்துப் பக்கம் போயிட்டு வந்தா செம்மண்ணு. என் தங்கச்சி வீட்டுக்குப் போனத எங்கிட்ட சொல்லாம விட்டாருன்னா நான் பில்டர வச்சே கண்டுபுடிச்சிருவேன். ரெண்டு பேரும் சிரிச்சுக்குவோம்.

அப்பறம் தொழிற்சாலைய மூடிட்டாங்க. எங்க பொண்ணு கல்யாணத்துக்கு மூணு மாசம் இருக்கு. பத்திரிகையில அப்பா ஸ்டோர் சூப்பர்வைசர்னு அடிச்சாச்சு. எங்க அண்ணனுங்க வேற ஒரு மாதிரி, ஆபீஸ் மாப்பிள்ள ஆபீஸ் மாப்பிள்ளன்னு அவரக் கிண்டல் பண்ணியே பழகினவங்க. அவரு ஒரு வாரம் அலைஞ்சாரு. அப்பறம் வந்து, ஈப்போ டவுன்ல ஒரு கம்பெனியில ஸ்டோர் வேல கெடச்சிருச்சு கோமளா, அதே வேலதான்னாரு. எனக்கு அவ்வளவு சந்தோஷம். முருகனுக்கு அர்ச்சனையெல்லாம் செஞ்சேன்.

அந்த மாசம் பில்டர் கழுவறேன், தண்ணி வெள்ளையா போகுது.

செகப்பு எண்ணெயில வெள்ளத் தூசி ஏறுனா எப்படி இருக்கும் தெரியுமா, சுண்ணாம்பு கூடிப்போன வெத்தல எச்சி மாதிரி. மடிப்பு பூரா அதான். டவுன்ல ஏது தம்பி இந்த வெள்ள? சிம்பாங் பூலாய் பக்கம் கல்லு ஒடைக்கற மலையிலதான் இருக்கு. நான் ஒண்ணும் கேக்கல. மறு மாசமும் வெள்ள. கோவிலுக்குப் போறேன்னு சொல்லிட்டு பஸ் ஏறி அந்தப் பக்கம் போனேன். கம்பி வேலிக்கு உள்ள லோரிங்களுக்கு நடுவுல இந்தக் காடி நிக்குது, தூசியில அதோட பச்ச நெறமே தெரியல. கல்லு அரைக்கற மெஷினுக்குக் கீழ ஒரு கெழவரு மண்வெட்டியால தூசி வாரிக்கிட்டு இருந்தாரு, தலையெல்லாம் நரச்சு. பாவம், இந்த வயசுலயான்னு நெனச்சேன். அவரு நிமிந்தாரு. எங்க வீட்டுக்காரரு.

இல்ல, கூப்புடல. கூப்புட்டு என்ன சொல்றது? அடுத்த பஸ்ல வந்துட்டேன்.

சாயந்தரம் தலைய ஈரமா சீவிக்கிட்டு வந்தாரு. எங்கயோ குளிச்சிட்டு, காலையில போட்டுக்கிட்டுப் போன அதே முழுக்கைச் சட்டையோட, பாக்கெட்டுல பேனாவோட. ஸ்டோர்ல இன்னிக்கு ரொம்ப வேலன்னாரு. நான் சோறு போட்டேன். மறுநாளு அந்தச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக் குடுத்தேன். தெரிஞ்சே போட்டேன் தம்பி. நாலு வருஷம் போட்டேன். அவரு மானத்த நான் மடிச்சு வச்சிருக்கேன்னு எனக்கு நெனப்பு.

மூணாவது வருஷம் ஒரு ஞாயித்துக்கெழம கழுவிக்கிட்டு இருக்கேன், வெள்ளத் தண்ணி காவாயில போறதயே பாத்துக்கிட்டு உக்காந்துட்டேன். திரும்பினா பின்னால அவரு நிக்கறாரு. எவ்வளவு நேரமா நின்னாரோ. இனிமே இத நானே பாத்துக்கறேன், உனக்கு இடுப்பு வலிக்குதுல்லன்னாரு. அடுத்த மாசம் பில்டரக் கொண்டாந்து குடுத்தாரு, எண்ணெ மட்டும் போடு, நான் சுத்தம் பண்ணிட்டேன்னு. ஒரு பொட்டுத் தூசி இல்ல. காஞ்சு போய், கடையில வாங்குனது மாதிரி.

அந்த டின்ன எடுங்க. பழச வெளிய எடுத்து வெளிச்சத்துக்கு நேரா தூக்கிப் பாருங்க. பொட்டு பொட்டா தெரியுதா? ஆங், அதான். கல்லு மலையில பெரிய காத்து பைப்பு இருக்கும்ல, அத வச்சு ஊதியிருக்காரு. தூசி போச்சு, துணியும் போச்சு. ஏன் ஊதுனீங்கன்னு நான் கேட்டிருக்கணும். கேட்டா, எதுக்கு மறைக்கறீங்கன்னு கேக்கற மாதிரி ஆயிரும். அதனால அந்த ஓட்டைங்களுக்கு மேலயே அம்பத்திரண்டு கோடு எண்ணெ போட்டுக் குடுத்தேன். எஞ்சின் ஒரு வருஷம் கல்லு தூசியத் தின்னுச்சு. அதான் பொகை. போதுமா?

எஞ்சினா? ரிங் மாத்துனா சரியாயிரும்னு மெக்கானிக் சொல்றாரு. அதுக்கு சாமான் கெடைக்குது.

போன தடவ பெரியாஸ்பத்திரியில அந்த சீனப் பொண்ணு டாக்டரு நெஞ்சு எக்ஸ்ரே படத்தப் புடிச்சுப் பாத்துட்டு அங்கிள் என்ன வேல செய்யறாருன்னு கேட்டாங்க. இவரு ஸ்டோர்னாரு. டாக்டரு எழுதாம பேனாவப் புடிச்சுக்கிட்டே இருக்காங்க. நான்தான் சொன்னேன், கல்லு மலையில டாக்டர், தூசிக்குள்ளன்னு. அவரு மூஞ்சியத் திருப்பிக்கிட்டாரு. வீட்டுக்கு வந்து படுக்க வச்சதுக்கப்பறம் மொத வார்த்த, எப்பலேருந்து தெரியும்னு கேட்டாரு. இப்பத்தாங்க, கொஞ்ச நாளாத்தான்னேன். அதக் கேட்டதும் ஒரு நிம்மதி அந்த மூஞ்சியில. அதான் மெதுவா பேசுங்கன்னு சொன்னேன்.

காலையில காடிய ஸ்டார்ட் பண்ணி ஒரு மிதி மிதிச்சுக் காட்டுவேன், படுத்துக்கிட்டே கேப்பாரு. நேத்து அவரேதான் சொன்னாரு, குடுத்துரு கோமளா, சும்மா நிக்க விட்டா கெட்டுரும்னு. நீங்க நல்லா வச்சுக்குவீங்கன்னு பட்டுச்சு. சாவி இந்தாங்க, ஒரு சுத்து ஓட்டிப் பாத்துட்டு வாங்க. சடக்கு முனையில ஒரு தடவ நல்லா மிதிங்க, அவருக்குக் கேக்கட்டும்.

ஒரு வருஷம் புகைமூட்டம் வந்துச்சே, ஞாபகம் இருக்கா? அந்தச் சாக்குல மூக்குக்குப் போடற மாஸ்க் ஒரு பெட்டி வாங்கி இந்த டேஷ்போர்டுக்குள்ள வச்சேன். மழ பேஞ்சதும் பிரிக்காம கொண்டாந்து அடுப்படியில வச்சிட்டாரு. டவுன் ஆபீஸ்ல இதப் போட்டுக்கிட்டு உக்காந்தா சிரிப்பாங்கன்னாரு. நானும் சரின்னு மேல் தட்டுல தூக்கி வச்சிட்டேன். இன்னும் அங்கதான் இருக்கு.

ஆங், தம்பி, ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். பில்டரத் தட்டறப்ப மூஞ்சிக்கு ஒரு துணி கட்டிக்கங்க. சும்மா தூசிதானேன்னு விட்றாதீங்க. ஒரு வார்த்ததான், சொல்றதுக்கு எவ்வளவு நேரம் ஆவுது பாருங்க. உள்ள இருக்கறவர்கிட்ட நாலு வருஷத்துல ஒரு நாளு கூட நான் அதச் சொல்லல. சொன்னா எனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரிஞ்சிரும்ல.