இத்ரூஸ் நானா விற்க மறுத்த ரேடியேட்டர்

சாயங்காலம் ஆறே கால். இலங்கை மலையகத்தில், கொஸ்லந்தையிலிருந்து பெரகலைக்கு ஏறுகிற ரோடு. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம், நடுவில் பனி... கிட்ட வந்து உட்காருங்கள். சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துவிடுங்கள், பிறகு முடியாது. இது என் மச்சானின் தாய்மாமன் ரெங்கசாமிக்கு நடந்தது. பொய் சொல்லத் தெரியாத மனிதர். வாடகைக்கு ஹயர் கார் ஓட்டுகிறவருக்கு அது பெரிய குறைதான்.

ஐம்பத்தேழாம் வருஷம். அவருடைய பழைய ஒஸ்டின் காரின் ரேடியேட்டர் உதவாமல் போய்விட்டது. வேறு ஒன்று வாங்கப் பதுளையில் இத்ரூஸ் நானாவின் பட்டறைக்குப் போனார். உடைந்த கார்களைக் கழற்றி விற்கிற இடம். நானா இரண்டை எடுத்து வைத்தார். அவற்றின் வாயை அடைத்து, தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி, குழாய் வழியாக ஊதிக் காட்டினார். கொழும்பிலிருந்து வந்தது கம்மென்று கிடந்தது. மற்றது... புளுக் புளுக்கென்று மூன்று இடத்தில் குமிழி விட்டது. உள்ளே பழைய மஞ்சள் வாடை. ஓட்டையை அடைக்க அந்தக் காலத்து டிரைவர்மார் மஞ்சள்தூளைத்தான் கரைத்து ஊற்றுவார்கள்.

“அது வாணாம் தம்பி, ஒழுகுது. கொழும்புச் சாமான எடுங்க.”

ரெங்கசாமி ஒழுகுகிறதைத்தான் தடவிக்கொண்டிருந்தார். “இது முருகையா காருல இருந்ததுதானே, நானா?”

நானா அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். ஊருக்கே தெரிந்த கதை அது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு வெள்ளிக்கிழமை, ரெங்கசாமியின் பெண்சாதி பாக்கியலெட்சுமிக்கு தேயிலைத் தோட்ட லயத்தில் பிரசவம். பிள்ளை தங்கவில்லை. அவளுக்கு இரத்தமும் நிற்கவில்லை. ரெங்கசாமிக்கு அப்போது சொந்தக் கார் இல்லை; ஹயர் ஓட்டிய முருகையாவின் காரில் ஏற்றிக்கொண்டு பதுளை ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். பெரகலை ஏற்றத்தில் கார் கொதித்து நின்றுவிட்டது. கையில் இருந்தது ஒரே ஒரு போத்தல் தண்ணீர். “தண்ணி... ஒரு வாய்...” என்றாள் அவள். “பச்ச ஒடம்புக்குப் பச்சத் தண்ணி ஆகாது” என்றாள் கூட வந்த மருத்துவச்சி ராசம்மா. ரெங்கசாமி போத்தலை வாங்கி ரேடியேட்டரில் ஊற்றினார். கார் ஓடியது. பதுளைப் பாலத்துக்குக் கிட்ட வரும்போது அவள் மூச்சு நின்றுபோனது.

“அவ குடிக்க வேண்டிய தண்ணி இதுக்குள்ளதான் போச்சு, நானா. இதையே குடுங்க.”

விற்கமாட்டேன் என்றார் நானா. ரெங்கசாமி அசையவில்லை. கடைசியில், “காசு வாணாம், எடுத்துட்டுப் போங்க” என்று காலால் தள்ளிவிட்டு நானா உள்ளே போய்விட்டார்.

அதை மாட்டிய பிறகு வந்த முதல் வெள்ளிக்கிழமை. நான் சொன்ன நேரம், நான் சொன்ன ரோடு. காரில் வேறு யாருமில்லை. இந்தமுறை இரண்டு போத்தல் தண்ணீர். ஏற்றத்தில் ரேடியேட்டர் ஸ்ஸ்ஸ்... என்று சீறியது. வெந்த மஞ்சள் மணம். நிறுத்தினார். எஞ்சின் டிக்... டிக்... என்று ஆறியது. பிறகு, பின் சீட்டிலிருந்து...

“தண்ணி... ஒரு வாய்...”

திரும்பாமலே ஒரு போத்தலைப் பின்னால் நீட்டினார். வாங்கிய விரல்கள் சில்லென்றிருந்தன. மடக்... மடக்... தொண்டையில் தண்ணீர் இறங்குகிற சத்தம். மனுஷன் அழுதுவிட்டார். பயத்தில் இல்லை. மற்றப் போத்தலை ரேடியேட்டரில் ஊற்றிக்கொண்டு பதுளைக்கு விரட்டினார். தண்ணீர் கொடுத்தாயிற்று, இனிப் பிழைத்துக்கொள்வாள் என்றே நம்பினார். வழியெல்லாம் பின்னால் மூச்சுச் சத்தம். பாலத்துக்குக் கிட்ட வந்ததும்... அது நின்றுவிட்டது.

அடுத்த வெள்ளியும் போனார். அதற்கடுத்த வெள்ளியும். கொதி ஆறும் வரை நிற்கிற நேரம்தான் அவளைக் கொல்கிறது என்று அவருக்குப் புரிந்தது. நல்ல ரேடியேட்டர் போட்டால் நிற்காமல் போய்ச் சேரலாம். கொழும்புச் சாமானை வாங்கிப் போட்டும் பார்த்தார். கார் பறந்தது. பின் சீட்டில் மட்டும் யாரும் இல்லை. மறுநாளே பழையதை எடுத்து மாட்டினார். பாலம் வரைக்குமாவது அவள் உயிரோடு இருக்கிறாளே.

ஆள் துரும்பாய் இளைத்துப் போவதைப் பார்த்து, ஒரு வெள்ளி இத்ரூஸ் நானா தானும் முன் சீட்டில் ஏறிக்கொண்டார். வழி நெடுக அவர் காதில் ஒன்றும் விழவில்லை. பாலம் வந்ததும் ரெங்கசாமி ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே விம்மினார்.

“ஒண்டுமில்ல தம்பி. பின்னால யாருமில்ல. திரும்பிப் பாருங்க” என்று நானா அவர் முதுகைத் தடவிக்கொடுத்தார். ரெங்கசாமி திரும்பவில்லை. எல்லா வெள்ளியும் போலக் காரை ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார்.

அங்கே ஓர் அட்டெண்டன் தள்ளுவண்டியோடு காத்திருந்தான். யாரும் கூப்பிடாமலே வந்து பின் கதவைத் திறந்தான். குனிந்தான். துணியை மெல்ல இழுத்து ஒரு முகத்தை மூடுகிறவனைப் போல அவன் கை அசைந்தது. கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு, நானாவைப் பார்த்துச் சொன்னான்:

“இன்னைக்கும் அஞ்சு நிமிஷம் பிந்திருச்சுங்க.”