கோலியாத்து வேசம் போட்டவன்

"படுங்க! படுங்க!"

மணலில் முகம் புதைகிறது. வாயெல்லாம் உப்பு. தலைக்கு மேலே விசில் சத்தம் போகிறது. ஒன்று. இரண்டு. மூன்று. வெடிக்கிறது. எங்களுக்குப் பின்னால். ஊர்ப்பக்கம்.

சனிக்கிழமை. காலை ஏழு இருபது.

எழும்பி ஓடுகிறோம். வாகரைக்கு வடக்கே இருந்த எங்கள் ஊரில் இருந்து தெற்கு நோக்கி. பத்தொன்பது பேர். என் மனைவி ரஞ்சிதம் என் தோளைப் பிடித்துக்கொண்டு நொண்டுகிறாள். ஆறு மணிக்கு விழுந்த முதல் ஷெல்லில் அவளுடைய இடது முழங்காலுக்குள் ஒரு துண்டு போயிருந்தது. சேலையைக் கிழித்துக் கட்டியிருந்தேன். கட்டு சிவந்து, பிறகு கறுத்தது.

நான் அந்த ஊரின் சின்னக் கோயிலில் உபதேசியார். வயது நாற்பத்தொன்று. பிறந்தது கல்லடியில். சுனாமியில் கடல் வந்து அந்த ஊரைக் கொண்டுபோய் அப்போது இரண்டு வருசம். தகரக் கொட்டிலில்தான் ஆராதனை. மறுநாள் ஞாயிறு. பிரசங்கம் எழுதி முடித்திருந்தேன். கானானை வேவு பார்க்கப் போனவர்கள் திரும்பி வந்து, அங்கே இராட்சதர் இருக்கிறார்கள், அவர்களுக்கு முன்னால் நாங்கள் வெட்டுக்கிளி மாதிரி இருந்தோம் என்று சொல்ல, சனங்கள் அழுத கதை. பயப்பட வேண்டாம் என்று எழுதியிருந்தேன். ஆறு பக்கம்.

ஏழு நாற்பது. கடலோரக் களப்பின் கரைக்கு வந்துவிட்டோம். அக்கரைக்குப் போனால் வாழைச்சேனைப் பக்கம் நடக்கலாம். பாலத்தடியில் சண்டை. தோணிகள் எரிந்துவிட்டன. தண்ணீரால்தான் போக வேண்டும். இரண்டு பக்கமும் முழங்கால் ஆழம். நடுவில் ஒரு துண்டு மட்டும் ஆழம். நான் நின்றால் தலை மூழ்கும். எனக்கு நீந்தத் தெரியாது.

சின்னத்தம்பி நின்றால் அது கழுத்து வரைக்கும்தான்.

சின்னத்தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவன் மீன்பிடிகாரன். அம்மன் கோயில் ஆள். ஆறடி ஏழு அங்குலம். பேர் சின்னத்தம்பி என்று சொன்னதும் புதிதாக வந்தவர்கள் சிரிப்பார்கள். அவனும் சேர்ந்து சிரிப்பான். முந்தின வருசம் ஞாயிறு பாடசாலை நாடகத்தில், சின்னப் பையன் தாவீது கல்லெறிந்து விழுத்துகிற இராட்சதன் கோலியாத்துக்கு ஆள் தேடியபோது நான் நேரே அவனிடம்தான் போனேன். அவன் கேட்டது ஒன்றே ஒன்று. "விழக்குள்ள அடி படுமா உபதேசியார்?" மணலைக் குவித்துக் கொடுத்தேன். பிள்ளைகள் கடதாசி உருண்டையை எறிந்தார்கள். அவன் மரம் சாய்வது போல விழுந்தான். புழுதி எழும்பியது. ஊரே கைதட்டியது.

அவன் மனைவி பாக்கியம் கைதட்டவில்லை. பிறகு தேத்தண்ணிக் கோப்பையைத் தரும்போது என்னிடம் கேட்டாள்.

"உபதேசியார், அந்த ராட்சதனுக்குப் பொஞ்சாதி இருந்தவளா?"

"அப்பிடி ஒண்டும் எழுதல்ல பாக்கியம்."

"இருந்திரிப்பாள். மறுகா ஆரு போய் அவளுக்குச் சொன்ன?"

நான் சிரித்து வைத்தேன்.

களப்பின் கரையில் அந்தப் பாக்கியம்தான் ஆட்களைப் பிரித்தாள். ஆழம் தொடங்கும் இடத்தில், இடுப்பளவு தண்ணீரில் நின்றாள். நீந்தத் தெரிந்தவர்கள் ஒரு பக்கம். தெரியாதவர்கள் மறுபக்கம். தெரியாதவர்கள் ஏழு பேர். பிறந்து எட்டு நாளான ஒரு பிள்ளை. அதன் தாய் சரசு. இரண்டு சின்னப் பெண்பிள்ளைகள். இழுப்பு வருத்தத்தில் மூச்சு இரைக்கிற ஒருவர். ரஞ்சிதம். நான்.

சின்னத்தம்பி பிள்ளையைத் தலைக்கு மேலே ஏந்திக்கொண்டு போனான். தண்ணீர் அவன் தாடையைத் தொட்டது. கைகள் ஆடவில்லை. போய்ச் சேர்ந்தான். திரும்பி வந்தான். சரசுவைத் தோளில் ஏற்றினான். திரும்பி வந்தான். ஒவ்வொரு முறையும் எட்டு, ஒன்பது நிமிடம். என் கையில் மணிக்கூடு இருந்தது. வேறு செய்ய ஒன்றும் இல்லை. மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

தூரத்தில் டும் என்று கேட்கும். பிறகு விசில். எல்லாரும் தண்ணீருக்குள் குனிவோம். அவன் மட்டும் குனிய முடியாது. தோளில் ஆள்.

எட்டரைக்கு ரஞ்சிதம் அக்கரைக்குப் போய்விட்டாள். அடுத்தது நான். "பாக்கியம், நீ முதல்ல போ" என்று கத்தினேன்.

"எனக்கு நீச்சல் தெரியும். நீங்க ஏறுங்க ஐயா!"

ஏறினேன். நாற்பத்தொரு வயது ஆம்பிளை இன்னொருவன் கழுத்தில் கால் போட்டு உட்கார்ந்தேன். அவன் மூச்சு இரைந்தது. நெஞ்சு அடிப்பது என் கால்களில் தெரிந்தது. நடு ஆழத்தில் ஒரு முறை தடுமாறினான். "பயப்படாதீங்க" என்றான். என்னுடைய பிரசங்கத்தில் நான் எழுதியிருந்த அதே சொல். என் சட்டைப்பைக்குள் அந்த ஆறு பக்கமும் நனைந்து கூழாகிக்கொண்டிருந்தது.

எட்டு நாற்பத்தொன்று. என்னை இறக்கிவிட்டான். கரையில் குந்தி இளைத்தான். பாக்கியம் நீந்தத் தொடங்கியிருந்தாள். அவளோடு தவராசா என்ற இளந்தாரி. அவர்கள்தான் கடைசி.

டும்.

விசில் நீளமாக வந்தது.

"பாக்கியம்! மூழ்கு! மூழ்கு!"

தண்ணீர் தென்னை உயரத்துக்கு எழும்பியது. விழுந்தது. தவராசாவைக் காணவில்லை. பாக்கியத்தின் சிவப்புச் சட்டை மட்டும் மிதந்தது. சின்னத்தம்பி ஓடினான். நான் முழங்கால் தண்ணீர் வரைக்கும் போனேன். அதற்கு மேலே கால் போகவில்லை. இதை எழுத எனக்கு இத்தனை வருசம் எடுத்தது. கால் போகவில்லை.

அடுத்த ஷெல் அவனுக்குக் கிட்ட விழுந்தது. அவன் விழவில்லை. குனிந்தான். அவளை அள்ளினான். நடந்து வந்தான். அவன் வயிற்றில் இருந்து வடிந்த தண்ணீர் தண்ணீர் நிறத்தில் இல்லை.

அவளைக் கரையில் கிடத்திவிட்டுப் பக்கத்தில் இருந்தான்.

"உபதேசியார், இவளுக்குக் குளிருது. துணி ஒண்டு தாங்க."

பாக்கியம் இறந்திருந்தாள். எல்லாருக்கும் தெரிந்தது. அவனுக்குச் சொல்ல எங்களில் ஒருவருக்கும் வாய் வரவில்லை. நான் சட்டையைக் கழற்றிக் கொடுத்தேன். அவன் அதை அவள் கழுத்து வரைக்கும் இழுத்துப் போர்த்தினான். "இனிச் சுகம்" என்றான். அவன் உடுத்திருந்த சாரத்தால் வயிற்றைக் கட்டிப் பார்த்தோம். மருந்து இல்லை. வாகனம் இல்லை. பதினொன்று ஐந்துக்கு மூச்சு நின்றது.

இரண்டு பேரையும் ஒரே குழியில் அங்கேயே புதைத்தோம். ஒரு உடைந்த துடுப்பு. இரண்டு சாப்பாட்டுக் கோப்பை. மீதி கைகள். இரண்டடி தோண்டினால் தண்ணீர் ஊறுகிறது. நீளவாட்டில் தோண்டப் போனால் கண்டல் மரத்து வேர். வெட்டக் கத்தி இல்லை. குழி அவனுக்குப் போதவில்லை. கால்கள் வெளியே நின்றன. முழங்காலை மடித்து, அவள் பக்கம் திருப்பி, சாய்த்து வைத்தோம்.

ஓக் என்ற இராட்சத ராஜாவின் இரும்புக் கட்டில் ஒன்பது முழம். கோலியாத்தின் உயரம் ஆறு முழமும் ஒரு சாணும். இதெல்லாம் எனக்கு மனப்பாடம். பதினாறு வருசம் படிப்பித்தவன். கட்டிலை அளந்து எழுதியிருக்கிறார்கள். ஈட்டியை நிறுத்து எழுதியிருக்கிறார்கள். இராட்சதனை யார் புதைத்தார்கள் என்று எழுதவில்லை. இராட்சதர் என்று நாங்கள் வாசிக்கிற எபிரெயச் சொல்லுக்கு விழுந்தவர்கள் என்றும் ஒரு பொருள் சொல்வார்கள் என்று ஒரு போதகர் எனக்குச் சொல்லியிருந்தார். அதை நான் ஒருநாளும் பிரசங்கத்தில் எடுத்ததில்லை. வேவுகாரர் பார்த்த அந்த நாட்டிலும் வீடு இருந்தது. திராட்சைத் தோட்டம் இருந்தது. பிள்ளைகள் இருந்திருப்பார்கள். ஓடியிருப்பார்கள்.

எங்கள் சண்டையில் இரண்டு தரப்பும் தங்களைத் தாவீது என்றே நினைத்தது. சுட்டவனுக்கு எங்கள் முகம் தெரியாது. எங்களில் யார் நெட்டை, யார் கட்டை என்றும் தெரியாது. அவனை நானும் பார்த்ததில்லை. அவனுக்கு உயரம் இருந்ததா என்றுகூட எனக்குச் சொல்ல முடியாது. சத்தம் மட்டும்தான் தெரியும்.

குழிக்கு முன்னால் நின்றேன். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். குழிக்குள் கிடந்த இருவரும் அம்மனைக் கும்பிட்டவர்கள். அவர்களுக்கு என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததும் வரவில்லை. "எங்கள மன்னிச்சிரு" என்று மட்டும் சொன்னேன். யாரிடம் சொன்னேன் என்று தெரியவில்லை.

"ஓடுங்க! அடுத்தது வருது!"

மண்ணைத் தள்ளிவிட்டு ஓடினோம்.

வாழைச்சேனைக்கு வந்தோம். அங்கிருந்து முகாம். ரஞ்சிதத்தின் காலை ஆஸ்பத்திரியில் முழங்காலுக்கு மேலே எடுத்தார்கள். பிந்திவிட்டது என்றார்கள். ஊருக்குத் திரும்ப விட்டபோது நான் களப்புக் கரைக்குத்தான் முதலில் போனேன். கண்டலை வெட்டி, கிறவல் கொட்டி, ரோடு போட்டிருந்தார்கள். இரண்டு நாள் தேடினேன். எந்த இடம் என்று பிடிபடவில்லை. அதன் பிறகு நான் பிரசங்கம் செய்யவில்லை. இப்போது கல்லடியில் இருக்கிறோம். வலை தைத்துக் கொடுக்கிறேன்.

முகாமில் எழுதப் படிக்கத் தெரிந்த ஆள் என்று என்னிடம் ஒரு கொப்பியைத் தந்து, உங்கள் ஊர் ஆட்களின் இழப்பை எழுதுங்கள் என்றார்கள். எழுதினேன்.

வீடு பதினொன்று. தோணி ஒன்பது. கோயில் கொட்டிலின் கூரை. மாடுகள் எத்தனை என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. களப்புக்கு வந்தவர்கள் பத்தொன்பது பேர். தவராசா, வயது இருபது, உடல் கிடைக்கவில்லை. பாக்கியம், வயது முப்பத்திரண்டு. சின்னத்தம்பி, வயது முப்பத்தாறு.

களப்பைத் தாண்டிய ஒன்பதாம் நாள் சரசுவின் பிள்ளைக்கு முகாமில் வயிற்றோட்டம் வந்தது. பத்தாம் நாள் விடிய முடிந்தது. கொப்பியை மறுபடி திறந்தேன். அதற்கு இன்னும் பேர் வைத்திருக்கவில்லை. பேர் எழுதும் இடத்தில் என்ன போட என்று சரசுவிடம் கேட்டேன். அவள் பிள்ளையின் துணியை மடித்து வைத்தாள். 'சரசுவின் பிள்ளை, ஆண், பதினெட்டு நாள்' என்று எழுதினேன்.

நான்கு பேர்.