பரிசலுக்காக நின்ற பஸ்

அகவை அறுபதைத் தாண்டியும், "அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்கும் ஆவல் மட்டும் அடங்காத நெஞ்சுக்குச் சொந்தக்காரர், இந்த விழாவின் தலைவர், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஜெபகுமார் ஐயா அவர்களே! மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களே! அடுப்பை அணைத்துவிட்டு வந்திருக்கும் அன்னையர்களே! அணைத்தோமா இல்லையா என்று அங்கே உட்கார்ந்து தவித்துக்கொண்டிருக்கும் அன்னையர்களே! முதல் ஷிப்டு முடித்து முகம்கூடக் கழுவாமல் ஓடி வந்திருக்கும் அண்ணன்மார்களே! இரண்டாவது ஷிப்டுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு, சூப்பர்வைசர் கண்ணில் பட்டுவிடுவோமோ என்று கடைசி வரிசையில் குனிந்து உட்கார்ந்திருக்கும் தம்பிமார்களே! நிமிர்ந்து உட்காருங்கள். சூப்பர்வைசர் முன்வரிசையில்தான் இருக்கிறார். அவருக்கும் இன்று உடம்பு சரியில்லை!

ஒரகடத்திலிருந்தும் வடக்குப்பட்டிலிருந்தும், தண்டலத்திலிருந்தும் இருங்காட்டுக்கோட்டையிலிருந்தும், சைக்கிளிலும் மாட்டு வண்டியிலும், நடந்தும், கிடைத்த லாரியைக் கை காட்டி நிறுத்தியும் வந்து குவிந்திருக்கும் என் சொந்தங்களே! உங்கள் அத்தனை பேருக்கும் இந்தத் தை மாதத்து மாலையில் என் கரம் குவித்த வணக்கம்.

நான் மரகதம். நெடுஞ்சாலை ஓரத்து மின்விசிறிக் கம்பெனியில் பேக்கிங் பிரிவில் வேலை. ஊருக்கெல்லாம் காற்றை அட்டைப்பெட்டியில் அடைத்து அனுப்புகிறவள். பேச்சிலும் கொஞ்சம் காற்று அடிக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்று நாம் ஒரு வாசகர் வட்டம் தொடங்குகிறோம். எப்படிப்பட்ட வட்டம்? பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கென்று எழுதிய கதைகளைப் பெரியவர்கள் கூடிப் படிக்கும் வட்டம். டீக்கடைச் சுவரில் நோட்டீஸ் ஒட்டினோமோ இல்லையோ, கேள்விகள் கிளம்பின. நரைத்த தலைக்கு நண்டு சிண்டுகளின் கதை எதற்கு? பேரன் எடுக்கும் வயதில் பிள்ளைக் கதை எதற்கு? நெற்றியில் திருநீறு பூசுகிற வயதில், நெஞ்சு படபடக்கிற சாகசம் எதற்கு?

ஏன் ஐயா, திருவிழாவில் பிள்ளைக்கு வாங்கிய பஞ்சுமிட்டாயில் பாதி யார் வாய்க்குள் போகிறது? (அங்கே ஒரு அம்மா தன் வீட்டுக்காரரைக் கையால் காட்டுகிறார்கள். வாழ்க, தாயே!) ராட்டினத்தில் குழந்தை பயப்படும் என்று கூட ஏறி உட்கார்ந்து, குழந்தையைவிடக் கூடுதலாகக் கத்துவது யார்? அங்கெல்லாம் வராத வெட்கம், ஒரு புத்தகத்தைக் கையில் எடுக்கும்போது மட்டும் எங்கிருந்து வந்தது?

அந்த வெட்கம் பொல்லாத வெட்கம். அது ஒரு மனிதனின் பிழைப்பையே கெடுக்கப் பார்த்தது. போன கார்த்திகையில் நடந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள்.

எங்கள் பிரஸ் பிரிவில் சுப்பராயன் அண்ணன் இருக்கிறார். அதோ, தூணருகே. மீசையைப் பார்த்தால் ஐயனார், பேச்சைக் கேட்டால் இடி. எங்கள் சங்கத்தின் செயலாளர். அவர் தொண்டையைச் செருமினால் ஆபீஸில் பேனா கீழே விழும். அவருடைய மகள் கவிப்பிரியா பத்தாம் வகுப்பு படிக்கிறாள். கிளை நூலகத்திலிருந்து அவள் ஒரு புத்தகம் எடுத்து வந்தாள். நாச்சி என்று ஒரு பெண். வயது பதினைந்து. ஆற்றில் வெள்ளம் வந்து தம்பி அக்கரையில் மாட்டிக்கொள்ள, ஊரே கைவிரித்த பிறகு தனியாகப் பரிசல் எடுத்துக்கொண்டு கிளம்புகிறாள். அதுதான் கதை. பெண்பிள்ளை என்ன கண்றாவியைப் படிக்கிறதோ என்று சோதனை போடப் பிரித்தார் அண்ணன். சோதனை போடப் போன போலீஸ்காரர் கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்த கதையாகிவிட்டது!

வீட்டில் படிக்க மானம் போகிறது. என்ன செய்தார்? தொழிலாளர் சட்டப் புத்தகத்தின் அட்டையைக் கழற்றி இதற்கு மாட்டி, கம்பெனி பஸ்ஸில் படிக்க ஆரம்பித்தார். பார்க்கிறவர்களெல்லாம், "ஆகா, சம்பள ஒப்பந்தப் பேச்சு வருகிறது, அண்ணன் இரவு பகலாகச் சட்டம் படிக்கிறார்" என்று கையெடுத்துக் கும்பிட்டோம். பின்சீட்டில் எங்கள் கேன்டீன் மீனம்மாள் அக்கா. எழுத்து தெரியாது. ஆனால் படம் தெரியுமே! எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்கள்:

"இன்னாண்ணா, சட்ட புக்குன்ற, உள்ள ஒரு பொண்ணு பரிசல் தள்ளிக்கினு கீது?"

பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அண்ணன் முகத்தில் அன்று பார்த்த வெட்கத்தை, மணவறையில்கூட அவர் காட்டியிருக்க மாட்டார். "உஸ், கத்தாதம்மா" என்றார். "கத்தல. நீ கொஞ்சம் கத்திப் படி. அந்தப் பொண்ணு எங்க போவுது?" என்றார்கள் அக்கா.

படித்தார். அன்று தொடங்கியது. காலையில் ஒரு அத்தியாயம், மாலையில் ஒரு அத்தியாயம். தூங்கி வழிந்த பஸ் விழித்துக்கொண்டது. ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போட்டவர்களெல்லாம் அண்ணன் பக்கத்துச் சீட்டுக்குச் சண்டை போட்டார்கள். எங்கள் டிரைவர் பாபு, இஞ்சின் சத்தத்தில் காது கேட்காமல், "அண்ணே, கொஞ்சம் சத்தமா படிண்ணே, நானும் மனுசன்தானே" என்று கெஞ்சுவார்.

வந்தது அந்த நாள். கார்த்திகை மழை. ஏரி ததும்பிக் கிடக்கிறது. பஸ் ஏரிக்கரை வளைவில் திரும்புகிறது. கதையில் நாச்சியின் பரிசல் சுழியில் சிக்குகிறது! துடுப்பு ஒடிகிறது! இருட்டில் தம்பியின் குரல் கேட்கிறது, ஆனால் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை! பாபு என்ன செய்தார் தெரியுமா? வண்டியை ஓரம் கட்டினார். இஞ்சினை அணைத்தார். திரும்பி உட்கார்ந்து, "நான் கியர் போட்டா ஒன்னும் கேக்காது. அவ கரை ஏறட்டும், அப்பால போலாம்" என்றார்.

"நேரமாகிறது" என்று ஒருவராவது சொன்னோமா? சொல்லவில்லை! "லைன் நின்றுவிடுமே" என்று ஒருவராவது நினைத்தோமா? நினைக்கவில்லை! பஸ் நிறைய வளர்ந்த ஆண்களும் பெண்களும், வெளியே ஏரியையும் உள்ளே ஆற்றையும் பார்த்துக்கொண்டு மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தோம். அந்த அத்தியாயத்தில் அவள் கரை ஏறவும் இல்லை. சுழிக்குள் குதித்தாள், அத்தியாயம் முடிந்தது. எழுதியவரைத் திட்டிக்கொண்டே கம்பெனி வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது அரை மணி நேரம் தாமதம்.

"ஏன் லேட்?" என்றார்கள் வாசலில். "பஞ்சர்!" என்றோம் ஒரே குரலில். போனஸ் கேட்கும்போதுகூட நாம் அத்தனை ஒற்றுமையாகக் குரல் கொடுத்ததில்லை, தோழர்களே! பாபுவைக் காப்பாற்றிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனோம்.

காப்பாற்றினோமா? குழி பறித்தோம்! பஸ் கான்ட்ராக்டர் சுப்பிரமணி வந்தார். சக்கரத்தைப் பார்த்தார். ஸ்டெப்னியைப் பார்த்தார். ஸ்டெப்னி கட்டிய கயிறுகூட அவிழவில்லை. வளைகுடாவில் சண்டை மூளும் என்ற பேச்சில் டீசல் தங்கமாகிவிட்ட நேரம் அது. அவர் பாபுவின் சட்டையைப் பிடித்தார்.

"பஞ்சரே ஆவல. அப்ப அரை மணி நேரம் வண்டிய எங்கடா நிறுத்தினே? டீசல் உறிஞ்சி வித்துகினு இருந்தியா?"

பாபு உண்மையைச் சொல்லியிருக்கலாம். அவருக்குக் கல்யாணமாகி ஆறு மாதம். அந்த வேலையை விட்டால் வேறு வேலை இல்லை. திருட்டுப் பட்டம் வாங்கிய டிரைவருக்கு இந்த ரோட்டில் எவன் சாவி கொடுப்பான்? ஆனாலும் வாய் திறக்கவில்லை. சொன்னால் சுப்பராயன் அண்ணன் மானம் போகும், ஒப்பந்தப் பேச்சு நேரத்தில் நிர்வாகம் அவரைப் பார்த்துச் சிரிக்கும் என்று, தன் தலையில் பழியை வாங்கிக்கொண்டு நின்றார். கான்ட்ராக்டர் சாவியைப் பிடுங்கிக்கொண்டார்.

சேதி கேன்டீனுக்கு வந்தது. அண்ணன் தட்டைத் தள்ளிவைத்தார். எழுந்தார். உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார். எந்த மேனேஜருக்கும் நடுங்காத மனிதர் என் பக்கம் குனிந்தார். "சொன்னா இனிமே எவன் என்னை மதிப்பான் மரகதம்? பசங்க கத படிக்கிற செயலாளர்னு கூப்பிடுவானுங்க" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. மீனம்மாள் அக்காதான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வந்தார்கள்.

"அந்தப் பொண்ணு தம்பிக்காவ சுழியில குதிச்சிது. வயசு பதினஞ்சு. நீ மேனேஜர் ரூமுக்குள்ள குதிக்க மாட்டியா?"

கை தட்டுகிறீர்கள். அன்று தட்ட ஆளில்லை. ஆனால் அண்ணன் கிளம்பினார். சட்டப் புத்தக அட்டையைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, பரிசல் படம் வெளியே தெரிய அந்தப் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தார். பின்னால் நாங்கள் எல்லோரும் நடந்தோம்.

மேனேஜர் அறை. கான்ட்ராக்டர் நாற்காலியில், பாபு மூலையில். அண்ணன் உள்ளதை உள்ளபடி சொன்னார். மேனேஜர் சிரித்தார். பயந்தது போலவே சிரித்தார். "பசங்க படிக்கிற கதைக்காக ஒரு பஸ்ஸே நின்னுச்சா? இதைவிட பஞ்சரே தேவலையே. எங்க, படியுங்க பார்ப்போம், எது நிறுத்துச்சுன்னு" என்றார்.

படித்தார் அண்ணன். முதல் பக்கத்தில் குரல் தடுமாறியது. இரண்டாம் பக்கத்தில் பரிசல் ஆற்றில் இறங்கிவிட்டது. பிறகு அண்ணனும் இறங்கிவிட்டார். மேனேஜரின் டீயில் ஆடை படிந்தது. சாப்பாட்டு நேரம் முடிந்து சங்கு ஊதியது. ஒருவரும் அசையவில்லை. நாச்சி சுழிக்குள் குதித்தாள். அண்ணன் புத்தகத்தை மூடினார்.

கான்ட்ராக்டர் சுப்பிரமணி நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். "இன்னாய்யா மூடிட்ட? பொழச்சாளா, இல்லியா?"

அண்ணன் கையை நீட்டினார். "சாவியக் குடு, சொல்றேன்!"

கொடுத்தார், ஐயா! கொடுத்தார்! பாபு கையைப் பிடித்துச் சாவியை வைத்து, "இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?" என்று கண்டித்தும் கொடுத்தார். தாமதித்த அரை மணியை அன்று மாலை கூடுதலாக உழைத்துக் கழித்தோம், பாட்டுப் பாடிக்கொண்டே கழித்தோம். மறுநாளிலிருந்து, கதைக்கு நேரம் கிடைக்கட்டும் என்று, பஸ் பத்து நிமிடம் முன்னதாகவே கிளம்புகிறது. ஒருவரும் தவறவிடுவதில்லை. ஒப்பந்தப் பேச்சு என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? (கேட்கிறார்கள், அந்தப் பக்கம்.) அதே மீசை, அதே இடி, அதே அண்ணன்தான் போய்ப் பேசினார். ஒப்பந்தம் கையெழுத்தானது. மதிப்பில் ஒரு மாற்றுக் குறையவில்லை!

இப்போது சொல்லுங்கள். நாம் ஏன் இந்தக் கதைகளைப் படிக்கிறோம்? படிக்கத் தெரியாமலா? பெரிய புத்தகம் புரியாமலா? என்னைக் கேட்டால் நான் ஒன்று கேட்பேன். நம்மில் எத்தனை பேர் பதினைந்து வயதில் பதினைந்து வயதாக இருந்தோம்? மீனம்மாள் அக்கா அந்த வயதில் இடுப்பில் பிள்ளையோடு இருந்தார்கள். சுப்பராயன் அண்ணன் அந்த வயதில் சூளையில் செங்கல் சுமந்தார். நான் அந்த வயதில் அடுத்தவர் கழனியில் நாற்று நட்டேன். வயது வந்தது, போனது. வாசலில் நின்று கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, நாம் வேலையாக இருக்கிறோம் என்று தெரிந்து திரும்பிப் போய்விட்டது.

போனது போகட்டும் என்று விட்டுவிடுவோமா? விடமாட்டோம்! பறிபோன பருவத்தைப் பக்கம் பக்கமாகப் பெறுவோம்! துணியாத துணிச்சலைத் துடுப்பெடுத்துத் துணிவோம்! ஓடாத ஓட்டத்தை ஓடுவோம், பாடாத பாட்டைப் பாடுவோம், சிரிக்காத சிரிப்பையெல்லாம் சேர்த்துவைத்துச் சிரிப்போம்! எனக்கு முப்பத்தெட்டு வயது. இந்த மூன்று மாதமாக எனக்குப் பதினைந்தும் நடக்கிறது. அந்த மகிழ்ச்சியை எந்தக் கூட்டத்திலும் வாய்விட்டுச் சொல்வேன். இன்னொரு லாபமும் உண்டு. முன்பெல்லாம் "படிச்சியா?", "படிச்சேன்" என்பதோடு முடிந்துபோன அப்பாவும் மகளும், சுப்பராயன் வீட்டில் இப்போது நாச்சி செய்தது சரியா தப்பா என்று சோறு ஆறும்வரை வாதாடுகிறார்கள். கவிப்பிரியா, உன் கட்சிதான் என் கட்சி!

நேரமாகிவிட்டது என்று தலைவர் ஐயா மணியைத் தொடுகிறார். முடித்துவிடுகிறேன். பொறுமையாகக் கேட்ட உங்கள் செவிகளுக்கும், இடம் கொடுத்த பள்ளிக்கும், இருமாமல் பாடிய ஒலிபெருக்கிக்கும் என் நன்றி.

வட்டத்தைத் தொடங்கிவைக்கப் பெரிய மனிதர் யாரை அழைப்பது என்று கமிட்டியில் பெரிய விவாதம். நான் ஒரே பெயரைத்தான் சொன்னேன். பாபு, எழுந்து வாப்பா. வெட்கப்படாதே, வா. சபையோர்களே, இந்த மனிதர் ஒரு முழுக்கதையையும் ரோட்டைப் பார்த்துக்கொண்டே, முதுகுப் பக்கமாகக் கேட்டவர். பாதி இஞ்சினுக்குப் போனது, மீதிதான் இவருக்கு வந்தது. இன்று இஞ்சின் இல்லை, ஹாரன் இல்லை, ரோடு இல்லை. மேடை நடுவில் அந்த நாற்காலியில் உட்கார், பாபு. நன்றாகச் சாய்ந்துகொள். சுப்பராயன் அண்ணன் புதுக் கதையின் முதல் அத்தியாயத்தை உன் முகத்தைப் பார்த்துப் படிக்கப் போகிறார். நீ ஒரு வார்த்தை விடாமல் கேள். உன்னோடு நாங்களும் கேட்கிறோம்.

அனைவருக்கும் என் அன்பு வணக்கம்.