பாலில் இறங்கும் ஊசி

— ஊசி வேணாம்க்கா. அந்த நர்ஸம்மாவப் போகச் சொல்லு.

— ஏடி ஜோதி, கிட்னியில கல்லெடுத்து முழுசா ஒரு நா ஆகல. தலகாணியக் கவ்விக்கிட்டுக் கெடக்குற. கூடப்பிறந்தவ இத எப்படிடி பாத்துக்கிட்டு இருப்பேன்?

— அந்தப் பக்கம் திரும்பிக்க. உள்ள டியூப் வச்சிருக்காகல்ல, ஒண்ணுக்குப் போனா முதுகுல சுண்டி இழுக்குது. மத்த நேரம் நான் மகாராணிதான்.

— வெளையாடாத. கம்பத்துல இருந்து தேனி வர்ற வரைக்கும் வேன்ல கத்துனவதான நீ? இந்த வலி ஊசி பிள்ளைய ஒண்ணும் செய்யாதுன்னு டாக்டரே சொல்லிட்டாக.

— சொல்லுவாக. நம்ம மாட்டுக்கு ஊசி போட்டா, மருந்து பால்ல இறங்கும்னு மூணு நாளு சொசைட்டில பால் ஊத்த விடுறாகளா? மாட்டுப் பாலுக்கே அம்புட்டுச் சட்டம். எம் மகன் குறைமாசம்க்கா. என் முழங்கை நீளம்கூட இல்லாம மாடியில கண்ணாடிப் பெட்டிக்குள்ள கெடக்கான்.

— மாடும் நீயும் ஒண்ணாடி?

— இப்பதைக்கு ஒண்ணுதான். இந்தக் கல்லு குடுத்த காய்ச்சல்லதான அவன் முந்திப் பெறந்தான்? பக்கத்துல வச்சுக் கொஞ்சக்கூட முடியல. என்னால ஆனது இந்தப் பால் ஒண்ணுதான், அதையாச்சும் சுத்தமாக் குடுக்குறேன்... ஆத்தாடி!

— கையப் பிடிச்சுக்க. நல்லா இறுக்கிப் பிடி. கத்துடி, யாரு என்ன சொல்லப் போறா.

— விட்டுருச்சு... விட்டுருச்சுக்கா. காலையில பீச்சிக் குடுத்தது பத்துச்சா அவனுக்கு? நேத்து நாலு சொட்டு முழுங்குனான்னு அவன் அப்பா வந்து அப்படிச் சிரிச்சாக. இன்னைக்கு ஆளையே காணோம்.

— ஜோதி, எனக்காக ஒரே ஒரு ஊசி போட்டுக்கடி.

— திரும்பத் திரும்ப அதையே சொல்லாதக்கா. அந்தக் கிண்ணத்த எடு, மறுபடியும் பால் கட்டிக்கிருச்சு, பீச்சித் தாரேன். சூடு ஆறுறதுக்குள்ள மாடிக்குக் கொண்டு போயிரு.

— நான் போகல.

— ஏன், மாடி ஏறிக் கால் வலிக்குதா? அப்ப அவுகளக் கூப்பிடு.

— அவுக கதவுக்கு வெளியதான் நிக்கிறாக. உள்ள வரத் தெம்பில்ல.

— தெம்பில்லையா? என்னக்கா... நீ ஏன் அழுவுற?

— இந்த வலியோட அதையும் எப்படித் தாங்குவ, மொதல்ல ஊசியப் போட்டுருவோம்னுதாண்டி விடிஞ்சதுல இருந்து கெஞ்சுறேன். பால் குடிக்கப் பிள்ளை இல்லடி ஆத்தா.